அருவியும் குளமும்: நெல்லைச் சீமையின் ஜெப ஒழுங்கு

ஆனி மாதம் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவந்துவிட்டால் குற்றாலத்தில் சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று எங்கு பார்த்தாலும் கூட்டம். ஆவணி கழிந்தால் நீர் மெலியும், கூட்டம் கலையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மறுபடி விழும். பங்குனி வெயிலில் பாறை மட்டும் நிற்கும். ஆனால் தென்காசியைச் சுற்றியுள்ள வயல்கள் அருவியை மட்டும் நம்பி நடவு செய்வதில்லை. சிற்றாற்றின் குறுக்கே அணைக்கட்டு, அதிலிருந்து பிரியும் கால், காலின் முடிவில் குளம், குளத்துக்கு மடை. விழுந்த தண்ணீரைப் பிடித்து வைத்து, வேண்டியபோது வேண்டிய அளவு விடுகிற இந்த ஏற்பாட்டை நம்பித்தான் இங்கே நாற்று நடுகிறார்கள்.

இந்த மண்ணின் கிறிஸ்தவர்களுடைய ஜெப வாழ்க்கைக்கும் அருவியும் உண்டு, குளமும் உண்டு. கன்வென்ஷன், உபவாசக் கூட்டம், முழு இரவு ஜெபம், லெந்து நாட்கள், வருஷப்பிறப்பு ஆராதனை எல்லாம் அருவி. அந்த நாட்களில் கண்ணீர் வருகிறது, தீர்மானம் பிறக்கிறது. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் பலரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை, நாலு நாள் தொடர்ந்தால் ஐந்தாம் நாள் விட்டுப்போகிறது. இதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டு, உள்ளுக்குள்ளே குற்ற உணர்வோடு நடமாடுகிறவர்கள் ஏராளம்.

என் முடிவு வேறு. பெரும்பாலும் இது விசுவாசக் குறைவு அல்ல, ஏற்பாட்டுக் குறைவு. ஒருமுகமாகவும் விடாமலும் ஜெபிப்பதற்கு நேரம், இடம், வார்த்தை, பெயர்ப்பட்டியல், துணை என்று சில எளிய ஏற்பாடுகள் வேண்டும். அவற்றை நாம் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. இருநூறு ஆண்டுகளாக நெல்லைச் சீமைத் திருச்சபை அவற்றைக் கையாண்டு வந்திருக்கிறது.

மணி அடித்த ஊர்கள்

1820 ஜூலையில் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். பிரஷ்யாவில் பிறந்த லுத்தரன். சர்ச் மிஷன் சங்கத்தின் ஊழியராக வந்தவர். 1835-ல் அந்தச் சங்கத்தோடு பிரிவு ஏற்பட்ட பிறகும் இந்தச் சீமையில் ஊழியம் செய்து, 1838 ஜூனில் இங்கேயே மறைந்தார். அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும் தெற்கே தேரிக்காட்டிலும் மேற்கே மலையடிவாரத்திலும் சபைகள் பெருகின. இன்றைய தென்காசி மாவட்டத்தில், ஆலங்குளத்தை அடுத்த நல்லூரும் சுரண்டையும் அந்தச் சங்கத்தின் முக்கிய மிஷன் நிலையங்களாக வளர்ந்தன.

ஒரு ஐயர் பொறுப்பில் பல ஊர்கள் இருந்தன. எல்லா ஊருக்கும் அவர் அடிக்கடி வந்துவிட முடியாது. அன்றாடப் பொறுப்பு உபதேசியாருடையது. கோயில் மணி அடிக்கும். காலையிலும் மாலையிலும் சபையார் கூடுவார்கள். உபதேசியார் வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்பார், விளக்குவார், ஜெபம் நடத்துவார். வந்தவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. பனையேறிகளும் கூலி விவசாயிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான் பெரும்பகுதி. அதனால் கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, வேத வசனங்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவைத்தார்கள். புத்தகம் பிடிக்காத கை. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு புத்தகம் இருந்தது.

அந்த மணி செய்த வேலையை நாம் குறைவாக மதிப்பிடக் கூடாது. இன்று ஜெபிக்கலாமா வேண்டாமா, எப்போது, எங்கே, என்ன சொல்லி என்று ஒவ்வொரு நாளும் ஒருவர் தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தால், களைத்த நாளில் அந்த முடிவு தோற்றுப்போகும். மணி அந்த முடிவை மனிதன் கையிலிருந்து எடுத்து ஊரின் கையில் வைத்தது. சத்தம் கேட்டதும் கால் நடந்தது. மனம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

இந்தச் சீமையில் நேரமே வழிபாட்டால் அளக்கப்படுகிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் காலம் தவறாத பூசை மணி. கடையநல்லூரிலும் பொட்டல்புதூரிலும் ஐந்து வேளை பாங்கு. இவற்றுக்கு நடுவே மிஷன் ஊர்களில் காலை மாலை ஜெப மணி. வேளை தவறாமல் கடவுளை நினைப்பது இந்த மண்ணில் யாருக்கும் அந்நியமாக இருந்ததில்லை. கிறிஸ்தவ மரபின் வேரிலும் அதுதான் உள்ளது. தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காலிட்டான். பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி ஜெபவேளைக்குத் தேவாலயம் போனதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆதித்திருச்சபையின் கையேடான டிடாக்கே, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது.

ஆங்கிலிக்கன் சபையின் ஜெபப்புத்தகம் தமிழில் வந்தபோது இந்த ஒழுங்குக்கு ஒரு சட்டகமும் கிடைத்தது. 1549-ல் கிரான்மர் தொகுத்த அந்தப் புத்தகத்தின் அடிப்படை எண்ணம் எளியது. துறவியர் மடங்களில் பல வேளைகளாகப் பிரிந்திருந்த ஜெபத்தைக் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கி, உழைக்கும் மக்களுக்கும் எட்டச் செய்தார். 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பங்கிட்டார். அந்தப் பங்கீட்டைப் பின்பற்றுகிறவர் மாதம் ஒருமுறை சங்கீத புத்தகம் முழுவதையும் ஜெபித்து முடிப்பார். துக்கமான சங்கீதம் வரும் நாளில் நமக்குச் சந்தோஷமாக இருக்கலாம். அன்று துக்கத்திலிருக்கும் இன்னொருவருக்காக அதைச் சொல்லக் கற்றுக்கொள்கிறோம். நம் மனநிலை மட்டுமே நம் ஜெபத்தை ஆளாமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

1860: பெருவெள்ளம்

அருவிக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ரேனியஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் 1840-ல் வத்திராயிருப்பை அடுத்து கிறிஸ்டியான்பேட்டை என்ற குடியிருப்பை நிறுவினார். 1860-ல் அங்கே ஒரு பெரும் எழுப்புதல் தொடங்கியது. பாவ உணர்வால் நடுங்கினார்கள், அழுதார்கள், அறிக்கை செய்தார்கள். அந்நிய பாஷை பேசியதையும் தீர்க்கதரிசனம் சொன்னதையும் அருளப்பன் தம் நாட்குறிப்பில் எழுதினார். வட திருநெல்வேலியின் மிஷன் சபைகளுக்கும் அது பரவியது. அதற்குச் சற்று முன்புதான் அமெரிக்காவிலும் வட அயர்லாந்திலும் எழுப்புதல்கள் நடந்திருந்தன. நம் நாட்டில் அந்நியர் தலைமை இல்லாமல், ஒரு தமிழ் ஊழியரின் சபையிலிருந்து எழுந்த எழுப்புதல் என்பதால் வரலாற்றாசிரியர்கள் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறார்கள்.

இதில் நான் கவனிப்பது தேதிகளை. குடியிருப்பு 1840, எழுப்புதல் 1860. நடுவே இருபது ஆண்டுகள் வேதம் கற்பித்தலும் கூடி ஜெபித்தலும் ஊர் ஊராக நடத்தலுமாகக் கழிந்தன. 1860 மழை வெறும் பாறையில் விழவில்லை. இருபது ஆண்டுகளாகக் கரை கட்டியிருந்த குளத்தில் விழுந்தது. கரை கட்டாமல் மழையை மட்டும் கேட்கிறவர்கள் இந்த இருபது ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

தோனாவூர்: ஒரு குடும்பத்தின் ஒழுங்கு

குற்றாலம் நிற்கும் அதே மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில், தெற்கே களக்காட்டுக்கு அருகில் தோனாவூர். ரேனியஸின் பணிக்குப் பொருளுதவி செய்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரால் அமைந்த ஊர். 1895-ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், 1901 முதல் இங்கே தங்கி, ஆபத்திலிருந்த குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். இருநூறு, முந்நூறு குழந்தைகள், பால், துணி, காய்ச்சல், பள்ளிக்கூடம் என்று மூச்சுவிட நேரமில்லாத வேலை. அந்த வேலைக்கு நடுவேதான் அவர்கள் மாதத்தில் ஒரு நாளை முழுக் குடும்பத்துக்குமான ஜெப நாளாக ஒதுக்கினார்கள். 1920-களில் ஜெப வீடு ஒன்றைக் கட்டினார்கள். மலைக்காட்டில் ஓர் இடத்தை வாங்கி, ஓய்வுக்கும் அமைதிக்கும் முறைவைத்துப் போய்வந்தார்கள். வேலை முடிந்தபின் மிஞ்சிய நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கவில்லை. ஜெபத்துக்கு நாளும் இடமும் குறித்த பிறகே வேலையைப் பங்கிட்டார்கள்.

1931 அக்டோபர் 24-ல் களக்காட்டில் ஏமி தவறி விழுந்தார். அதன் பின் 1951 ஜனவரி 18-ல் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில். வலி, தூக்கமின்மை, எழுந்து நடமாட முடியாத உடல். இந்த நிலையிலும் தோனாவூர்க் குடும்பத்துக்காகச் சின்னச் சின்னக் குறிப்புகளை எழுதிக்கொண்டே இருந்தார். அவற்றில் பல, அவர் மறைந்த பின் அன்றாட தியானப் புத்தகங்களாக வெளிவந்தன. உணர்ச்சி பொங்கும் நாட்களை எதிர்பார்த்துக் காத்திருந்தால் அந்த அறையிலிருந்து இத்தனை பக்கங்கள் வந்திருக்காது. நோயில் கிடப்பவர்களும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களும் தங்களால் பழையபடி ஜெபிக்க முடியவில்லை என்று வருந்தும்போது நான் இந்த அறையைத்தான் நினைக்கிறேன். அளவு சிறுத்தாலும் தொடர்ச்சி அறுந்துபோகவில்லை.

மனம் அலைவது புதிதல்ல

மனம் அலைபாய்வதற்கு அலைபேசியை மட்டும் குற்றம் சொல்கிறோம். ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன் எழுதிய உரையாடல்களில், எகிப்துப் பாலைவனத்தில் ஒரு துறவி இதே குறையைச் சொல்கிறார்: ஒரு வசனத்தில் தொடங்கிய நினைப்பு எங்கெங்கோ போய்விடுகிறது. ஐசக் என்ற மூத்த துறவி தரும் மருந்து, உதவிக்கு விரையும்படி தேவனைக் கூப்பிடும் எழுபதாம் சங்கீதத்தின் முதல் வசனம். படுக்கையிலும் வேலையிலும் சோதனையிலும் அந்த ஒற்றை வசனத்துக்கே திரும்பி வரச் சொல்கிறார்.

1535-ல் மார்ட்டின் லூதர், எப்படி ஜெபிப்பது என்று கேட்ட தம் நாவிதர் பேதுருவுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். நல்ல நாவிதன் கண்ணையும் மனத்தையும் கத்திமேலும் முடிமேலும் வைத்திருக்க வேண்டும். வேலையின் நடுவே கண்டதையும் பேசிக்கொண்டிருந்தால் வாயையோ மூக்கையோ வெட்டிவிடுவான் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. அவர் சொன்ன முறை: கர்த்தருடைய ஜெபத்தையோ பத்துக் கட்டளையையோ எடுத்துக்கொள், ஒவ்வொரு வரியிலும் நின்று, இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று நான்கு இழையாக முறுக்கு.

நம் மொழியிலேயே ஒரு குறிப்பு உள்ளது. மன்றாட்டு, விண்ணப்பம், வேண்டுதல் என்று எத்தனையோ சொற்கள் இருக்க, சீர்திருத்தச் சபைகளில் ஜெபம் என்றும் கத்தோலிக்கரிடையே செபம் என்றும் நிலைத்த சொல், ஜபம் என்ற வடசொல்லின் வழி வந்தது. வாய்க்குள் மெல்லத் திரும்பத் திரும்பச் சொல்வது என்பது அதன் மூலப்பொருள். அலையும் மனத்தை மறுபடி மறுபடி அழைத்து வருவது நம் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அப்படியானால் இது வெறும் சடங்காகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பேச்சு மிகுதியால் கேட்கப்படுவோம் என்று எண்ணுகிறவர்களை இயேசு கண்டித்தார். ஆனால் அதே இடத்தில், அதே பேச்சின் தொடர்ச்சியாக, சீஷர்களுக்கு ஒரு ஜெபத்தை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தார். குறையைத் திருப்பிச் சொல்வதில் அவர் காணவில்லை, மனமில்லாமல் சொல்வதிலே கண்டார்.

குற்றாலப் பேரருவியில் நின்று குளித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலிருந்து விழும் நீர் நேராகத் தலைமேல் விழுவதில்லை. பாறை நடுவே உள்ள பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அங்கிருந்து பரந்து வழிகிறது. அதனால்தான் குழந்தையும் கிழவியும் அதன் கீழே நிற்க முடிகிறது. மனப்பாடமான ஜெபத்தை நான் அந்தப் பள்ளமாகப் பார்க்கிறேன். துக்கமோ பயமோ தாங்க முடியாத வேகத்தில் வரும் நாளில், சொந்த வார்த்தை வராத நாளில், அது ஏந்திக்கொள்கிறது.

ஒரு கைப்பிடி அரிசி

நெல்லைக் கிறிஸ்தவ வீடுகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்குமுன் அம்மா அரிசியை அளந்து சொளகில் போடுவார். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்பங்கரையில் இதற்கென்றே வைத்திருக்கும் பானையில் போடுவார். சேர்ந்த அரிசி சபைக்கும் ஊழியத்துக்கும் போகும். போடும்போது சிலர் வாய்க்குள் ஒரு வரி ஜெபம் சொல்வார்கள். கைப்பிடி சிறிது. வறுமையான வீட்டுக்கும் அது முடியும். தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உலை வைப்பதே நினைவூட்டிவிடும்.

தொடர்ச்சியின் இரகசியம் முழுவதும் அந்தக் கைப்பிடிக்குள் இருக்கிறது. அளவு சிறியது, ஏற்கெனவே நாள்தோறும் நடக்கும் ஒரு வேலையோடு கட்டப்பட்டது. இன்றைய ஆய்வும் இதற்கு அருகில்தான் வருகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் பங்கேற்றார்கள். உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான ஒரு சிறு செயலை, நாள்தோறும் ஒரே சூழலில் 12 வாரம் செய்யச் சொன்னார்கள். அது தானாக நடக்கும் பழக்கமாவதற்கு ஆன காலத்தின் இடைநிலை 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இது ஜெபத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. ஜெபம் வெறும் பழக்கமும் அல்ல. ஆனாலும் பத்து நாளில் சோர்ந்து போகிறவர்களுக்கு இந்த எண்கள் ஆறுதல். விட்டுப்போன ஒரு நாளைச் சாக்காக வைத்து முழுவதையும் விட்டுவிட வேண்டாம் என்பதற்கும் இது சான்று.

தனியாக நிற்பவன் சாய்வான்

இன்னொன்று துணை. 1959-ல் திருநெல்வேலிப் பகுதியில் விடுமுறை வேதாகமப் பள்ளி ஊழியத்தில் ஈடுபட்டிருந்த இளைஞர்கள் சிறு சிறு ஜெபக்குழுக்களாகக் கூடத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃப்ரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட். முதல் மிஷனரியை அவர்கள் அனுப்பியது 1967-ல். எட்டு ஆண்டுகள் கூடி ஜெபித்த பிறகு ஒரு ஆள் போனார். பின்னர் வட இந்தியா முழுவதும் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். அமைப்பின் பெயரிலேயே ஜெபக்குழு நிற்பது தற்செயல் அல்ல. வாரம் ஒருமுறை ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பேர் பாய் விரித்து உட்கார்ந்து, பெயர் சொல்லி ஜெபிப்பதுதான் அதன் அடித்தளம். பெயர் தெரிந்த ஒருவருக்காக ஜெபிக்கும்போது மனம் அலைவது குறைகிறது. இன்றைக்கு வரவில்லையே என்று கேட்க ஒரு ஆள் இருக்கும்போது விட்டுப்போவதும் குறைகிறது.

இனி நாம்

இன்றும் நம் ஊர்களில் மணி அடிக்கிறது. ஆனால் தினசரி ஜெபத்துக்கு வருகிறவர்கள் பல இடங்களில் நாலைந்து முதியவர்கள்தான். விடிந்ததும் வாக்குத்தத்த வசனம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அதைப் பார்த்து, இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, ஜெபித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். வசனம் நம்மைக் கடந்து போகிறது, நம்மிடம் தங்குவதில்லை.

மேலே கண்டவற்றை ஒரு சாதாரண வீட்டுக்கு ஏற்றபடி திரட்டினால் இவ்வளவுதான். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு ஜெபத்தைக் கட்டுங்கள்: பல் துலக்கிய பிறகு, காப்பி போடும் முன், பேருந்து ஏறி உட்கார்ந்ததும். ஒரு மூலை, ஒரு பாய், ஒரு வேதாகமம் நிலையாக இருக்கட்டும். அலைபேசி அடுத்த அறையில் கிடக்கட்டும். முதலில் ஒரு சங்கீதம் வாசியுங்கள். நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து மாதத்தில் 150-ம் முடியும். நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம் மட்டும் நீளம். அதன் 22 பகுதிகளை வேண்டுமானால் 22 நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஞாயிறு முதல் சனி வரை ஏழு பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்கு ஐந்து பெயர் எழுதுங்கள். வாரத்துக்கு முப்பத்தைந்து பேரைத் தாங்கலாம். கடைசியில் கர்த்தருடைய ஜெபத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். பகலில் மனம் கலங்கும்போது திரும்பி வர ஒரு வசனத்தைக் கையோடு வைத்திருங்கள். வாரம் ஒருமுறை இன்னொருவரோடு சேர்ந்து ஜெபியுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம், வழக்கம்போலத் தொடங்குங்கள்.

சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கன்வென்ஷனுக்குப் பந்தல் போடும் அக்கறையில் ஒரு பங்கு, அது முடிந்த மறுவாரத்துக்கும் வேண்டும். தீர்மானம் எடுத்தவர்களை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து, ஒரு நோட்டையும் ஒரு நேரத்தையும் கொடுத்து, 66 நாள் கழித்து ஒருமுறை விசாரியுங்கள். உபதேசியார் காலத்தில் இதைச் செய்ய ஊருக்கு ஒரு ஆள் இருந்தார். இன்று அந்த ஆள் நாமாகத்தான் இருக்க வேண்டும்.

குளத்தை வெயில் காலத்தில்தான் தூர்வாருவார்கள். மழை வந்த பிறகு மண்வெட்டி எடுத்துப் பயனில்லை. ஜெபிக்க மனமே வராத, உள்ளம் வறண்ட நாட்களில் இருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். அந்த நாட்கள் வீண் அல்ல. நாளைக் காலையிலேயே ஒரு சங்கீதத்தோடும் ஐந்து பெயர்களோடும் தொடங்குங்கள்.